கடற்காற்றைத் தாங்கும் சுவர்: மலைநாட்டுப் பூச்சு கல்லடி வீட்டுக்குப் பொருந்துமா?

வாசகர் கேள்வி: எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில், கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 300 மீற்றர் தூரத்தில் உள்ளது. 2006 ஆம் ஆண்டில் கட்டியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் விலை கூடிய வெளிச்சுவர்ப் பெயின்ற் அடித்தோம். இப்போது கடல் பக்கச் சுவர் கொப்புளம் போட்டு உரிகிறது. நிலத்திலிருந்து மூன்றடி உயரம் வரை வெள்ளைத் தூள் பூத்து, தொட்டால் உதிர்கிறது. வடக்குச் சுவரில் பாசி படர்ந்துள்ளது. நுவரெலியாவில் வீடு கட்டியிருக்கும் மூத்த மருமகன், அங்கே ரப்பர் போல இழுபடும் தடிப்பான பூச்சு ஒன்றை அடித்ததாகவும், அந்த மழைக்கும் குளிருக்கும் அது 7 ஆண்டுகளாக அசையவில்லை என்றும் சொல்கிறார். இங்குள்ள ஒப்பந்தகாரர் ஒருவரும் அதையே பழைய பெயின்றின் மேல் இரண்டு தடவை அடித்துவிடலாம் என்கிறார். தை மாதத்தில் இளைய மகளின் திருமணம் வீட்டில் நடக்க இருக்கிறது. மாரி தொடங்கும் முன் வேலையை முடிக்க விரும்புகிறேன். அந்தப் பூச்சை நம்பிச் செலவு செய்யலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லடி

ஐயா,

தங்கள் கேள்விக்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தடிப்பான பூச்சைத் தங்கள் வீட்டின் கடல் பக்கச் சுவருக்கோ, நான்கு பக்கத்தின் அடிப்பகுதிக்கோ இப்போது அடிக்க வேண்டாம். உரிந்துகொண்டிருக்கும் பழைய பெயின்றின் மேல் அடிப்பதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்க வேண்டாம். அடித்தால் திருமணத்தன்று சுவர் அழகாகவே இருக்கும். ஆனால் மாரி கழிந்து வெயில் ஏறியதும், பூச்சுக்குப் பின்னால் சிக்கிய ஈரமும் உப்பும் வெளியேற வழியின்றி முட்டி, இப்போது விரல்நுனி அளவில் இருக்கும் கொப்புளங்கள் உள்ளங்கை அகலத்துக்கு எழும்பி, தமக்கு அடியிலுள்ள சீமெந்துப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும். அப்போது தாங்கள் செலவழிக்க வேண்டியது பெயின்றுக்கு மட்டுமாக இராது. மாறாக, திருமணத்துக்கு வீட்டை ஒப்பேற்ற இந்த மாதத்திலேயே செய்யக்கூடிய வேலைகள் சில உள்ளன. அவற்றையும், மாரிக்குப் பிறகு செய்ய வேண்டியவற்றையும் பிரித்து எழுதுகிறேன்.

மருமகன் சொல்வது அவருடைய வீட்டைப் பொறுத்தவரை முழு உண்மை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழையும், நாள் முழுதும் விலகாத மூடுபனியும், தை மாசி விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி காணும் அளவுக்கு இறங்கும் குளிரும் அங்கே சுவரைத் தாக்குகின்றன. அத்துடன், உயரம் 1,000 மீற்றர் கூடும்போது புறஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது. ஆகவே மேகம் விலகும் வேளைகளில் அந்த வெயில் பெயின்றைக் கடுமையாகவே தின்கிறது. பகலில் சூடேறி விரியும் சுவர் இரவில் குளிர்ந்து சுருங்குவதால் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. மழைநீர் அவற்றின் வழியாக உள்ளே போகிறது. இழுபடும் தன்மையுள்ள தடித்த பூச்சு அந்த வெடிப்போடு சேர்ந்து நீண்டு, அதை மூடியபடியே வைத்திருக்கிறது. தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது, சுவருக்குள் உப்பு இல்லை, அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறவும் இல்லை என்றால் அதைவிடச் சிறந்த பாதுகாப்பு அந்த மலைக்குக் கிடையாது.

அந்த வேலைக்கு ஒரு கைப்பழக்கமும் உண்டு. எமல்சன் பெயின்ற் என்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிசின் துகள்களாலானது. தண்ணீர் ஆவியாகப் போன பிறகு அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி, இளகி, ஒரே படலமாக ஒட்ட வேண்டும். குளிர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அநேகமான எமல்சன்கள் சரிவர ஒட்டுவதில்லை. பார்வைக்குக் காய்ந்தது போலிருக்கும் படலம் அடுத்த மழைக்கே பால் போலக் கரைந்து வழியும். அதனால் மலையில் நல்ல வேலைகாரர்கள் காலையில் மூடுபனியின் ஈரம் சுவரை விட்டு நீங்கும் வரை காத்திருந்து தொடங்கி, பிற்பகலில் பனி இறங்கும் முன், வெளிச்சம் நிறைய இருக்கும்போதே தூரிகையைக் கழுவி வைத்துவிடுவார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மருமகனின் சுவர் நிலைத்திருப்பதற்குக் காரணம் வாளியின் மேலுள்ள பெயர் மட்டுமல்ல. அந்த இடத்தின் காலநிலையைப் படித்து, அதற்கேற்ற பொருளை, அதற்கேற்ற நேரத்தில் யாரோ அடித்திருக்கிறார்கள். நமது எழுவான்கரைக்கும், அதாவது வாவிக்குக் கிழக்கே கடலையொட்டிய இந்தப் பகுதிக்கும், அதே அக்கறை வேண்டும். ஆனால் நாம் படிக்க வேண்டிய காலநிலை வேறு.

இங்கே பிரதான எதிரி உப்பு. அது இரண்டு வழியாக வருகிறது. கடலிலிருந்து வீசும் காற்று நுண்ணிய உப்புத் துளிகளைக் கொண்டுவந்து சுவரில் படியவைப்பது ஒரு வழி. மற்றது சுவருக்குள்ளேயே இருப்பது: பூச்சுக்குச் சேர்த்த மணலிலோ, குழைத்த தண்ணீரிலோ, அத்திவாரத்தைச் சுற்றியுள்ள மண்ணிலோ இருந்து வந்த உப்பு. தங்கள் வீடு 2006 இல் கட்டப்பட்டது என்பதைக் கவனித்தேன். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்தக் கரையோரத்துக் கிணறுகள் பல உவர்த்துப் போயிருந்ததும், அதே காலத்தில் எங்கும் வீடு கட்டும் வேலை குவிந்திருந்ததும் தங்களுக்கே நினைவிருக்கும். தங்கள் வீட்டில் எந்தத் தண்ணீரில் சாந்து குழைத்தார்கள் என்று இனி விசாரித்துப் பயனில்லை. ஆனால் மூன்றடி உயரத்துக்குப் பூத்திருக்கும் வெள்ளைத் தூள், சுவருக்குள் உப்பும் அதைக் கரைத்து ஏற்றுகிற ஈரமும் இருக்கின்றன என்பதற்குப் போதிய சாட்சி.

கறியுப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். கல்லடியில் அநேகமான இரவுகளில் ஈரப்பதன் அந்த எல்லையைத் தாண்டுகிறது. கோடைப் பகலில், முக்கியமாக மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில், அது மிகவும் கீழே இறங்குகிறது. அதாவது மழையே பெய்யாத ஆனி ஆடியிலும் தங்கள் சுவருக்குள் உப்பு இரவில் கரைந்து பகலில் படிகமாகிறது. ஒவ்வொரு தடவையும் படிகம் வளரும்போது பெயின்றின் அடிப்பக்கத்தைத் தள்ளுகிறது. விலை கூடிய பெயின்றும் இரண்டே ஆண்டில் உரிந்ததற்குக் காரணம் இதுதான். படலம் எவ்வளவு இறுக்கமாகவும் தடிப்பாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்கு ஈரம் வெளியேறுவது தடைப்படும். தடைப்பட்ட ஈரம் சுவரில் இன்னும் உயர ஏறி, பூச்சு முடியும் இடத்தில் வெளிப்படும். அல்லது வீட்டுக்குள்ளே வரவேற்பறைச் சுவரில் தலைகாட்டும்.

எதையும் அடிக்கும் முன்பு இரண்டு சிறு சோதனைகளைத் தாங்களே செய்து பாருங்கள். வெள்ளைத் தூளின் மேல் சிறிது தண்ணீர் தெளியுங்கள். கரைந்து மறைந்தால் அது உப்பு. மறையாமல் பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருந்தால் பூஞ்சணம். அடுத்ததாக, பெயின்றைச் சுரண்டிய இடத்தில் ஓரடிச் சதுரமான தெளிந்த பிளாஸ்ரிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டி, ஓர் இரவும் ஒரு பகலும் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கத்தில் நீர்த்துளி தோன்றினால் அந்த இடத்தில் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இதை நிலத்திலிருந்து ஓரடி உயரத்திலும், நான்கடி உயரத்திலும், ஏழடி உயரத்திலும் செய்தால் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த ஈரக்கோடுதான் இனி வரும் வேலை முழுவதையும் பிரிக்கும் கோடு.

பெயின்ற் கடைக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். நமது பகுதியில் நான் அடிக்கடி காண்பது என்னவென்றால், வெள்ளம் நிற்காதிருக்க வளவை மணல் போட்டு உயர்த்தி, காலப்போக்கில் மண்மட்டம் அத்திவாரத்தின் ஈரத்தடுப்புப் படைக்கு மேலே போய்விடும். தார் பூசிய அந்தப் படைக்கு மேலே மண் சாய்ந்திருந்தால், ஈரம் அதைச் சுற்றிக்கொண்டு நேரே சுவருக்குள் ஏறும். உயர்ந்த மண்ணைச் சுவரிலிருந்து இரண்டடி அகலத்துக்கு வெட்டி விலக்கி, ஈரத்தடுப்புப் படைக்கு அரையடி கீழே வரும்படி தாழ்த்தி, தண்ணீர் வெளிப்புறமாக ஓடும் சரிவு கொடுங்கள். சுவரோடு ஒட்டிப் பூம்பாத்தி இருந்தால் அதையும் இடம்மாற்ற வேண்டும். கூரைப் பீலிகளில் வேப்பிலையும் முருங்கையிலையும் அடைத்து நிரம்பி வழிவது, பீலியே இல்லாத பக்கத்தில் தாழ்வாரத் தண்ணீர் நிலத்தில் விழுந்து சுவரில் தெறிப்பது, குளியலறைக் குழாயின் மெல்லிய கசிவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மாரிக்கு முன் செலவழிக்க ஒரு தொகைதான் கையில் இருக்கிறது என்றால், அதை இந்த வேலைக்கே செலவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பெயின்றுக்குச் செலவழிக்கும் பணத்தைக் காப்பாற்றுவது இதுதான்.

இப்போது அடிப்பகுதி. உப்பேறிய பூச்சை முறையாகத் திருத்துவதென்றால், ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, கல்லைக் காயவிட்டு, கழுவிய ஆற்று மணலும் குழாய்த் தண்ணீரும் சேர்த்துப் புதிதாகப் பூசி, ஒரு வாரம் தண்ணீர் தெளித்து இறுகவைத்து, பின்னர் குறைந்தது 28 நாட்கள் உலரவிட வேண்டும். புதிய சீமெந்துப் பூச்சு கடுமையான காரத்தன்மை உடையது. அது தணியும் முன் அடிக்கும் பெயின்ற் நிறம் மாறும், சில வேளை பிசுபிசுக்கும். இத்தனையும் செய்து தை மாதத்துக்குள் முடிக்க இயலாது. அதுவும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்கு நடுவே செய்தால் உலரவே உலராது. எனவே இதைத் திருமணம் முடிந்தபின், பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை அந்த மூன்றடியை அலங்கோலமாக விட வேண்டியதில்லை. சுண்ணாம்பு அடியுங்கள். தளர்ந்த பெயின்ற் முழுவதையும் சுரண்டி எடுத்து, உப்புத் தூளை உலர்ந்த தூரிகையால் கூட்டிச் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். கூட்டிய தூளைச் சுவரடியில் விட்டால் அடுத்த மழையில் மீண்டும் சுவருக்கே போய்விடும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடித்து, நீர்ப்பதமாகக் கரைத்து, சுவரை இலேசாக நனைத்த பின் மெல்லிய பூச்சாக மூன்று தடவை, ஒவ்வொரு நாள் இடைவெளியில் அடிக்க வேண்டும். முதல் தடவை அடிக்கும்போது ஒன்றுமே தெரியாதது போலிருக்கும். காய்ந்த பின் வெண்மை எழும். கண்ணில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் வேலை செய்பவர் கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும். சுண்ணாம்பு ஈரத்தை அடைக்காது. சுவர் அதன் வழியே மூச்சுவிடும். உப்பு வெளிவந்தாலும் கூட்டிவிட்டு இன்னொரு தடவை அடிக்கச் செலவு மிகக் குறைவு. தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்தில் ஒரு தடவை புதுப்பித்தால் திருமணத்துக்கு வெள்ளையாகவே இருக்கும். பழைய பெயின்ற் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும் இடங்களில் சுண்ணாம்பு ஒட்டாது என்பதால், ஒரே உயரத்தில் நேர்கோடாகச் சுரண்டி, மேலே பெயின்றும் கீழே சுண்ணாம்பும் பிரியும் இடத்தை ஒரு பட்டி போலத் தெரியும்படி விட்டால் பார்வைக்கும் ஒழுங்காக இருக்கும்.

வடக்குச் சுவரின் பாசிக்குக் காரணம் வேறு. மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7.7 பாகையில் இருப்பதால், ஏப்ரல் முற்பகுதியிலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. வாடைக்காற்றோடு மழை வடக்குச் சுவரை நனைக்கும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில்தான் அந்தச் சுவருக்கு வெயிலே படுவதில்லை. நனைந்த சுவர் நாட்கணக்கில் காயாமல் இருந்தால் பாசி படர்வது இயல்பு. அதை உலர்ந்த நிலையில் தேய்த்தால் வித்துகள் பறந்து பக்கத்துச் சுவரிலும் ஒட்டும். ஒரு பங்கு வெளுப்புத் திரவத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துக் கீழிருந்து மேலாகப் பூசி, கால்மணி நேரம் விட்டு, நைலோன் தூரிகையால் தேய்த்து, நிறையத் தண்ணீரால் கழுவி, இரண்டு மூன்று நாட்கள் உலரவிடுங்கள். வெளுப்புத் திரவத்தோடு கழிப்பறை அசிட்டையோ அமோனியா கலந்த திரவங்களையோ ஒருபோதும் சேர்க்கக்கூடாது. எழும் வாயு உயிருக்கே ஆபத்து. பாசியைக் கொல்லாமல் அதன் மேல் அடித்த பெயின்ற், பாசியோடு சேர்ந்தே உரியும்.

ஈரக்கோட்டுக்கு மேலே, சுவர் உலர்ந்தும் பழைய பெயின்ற் பிடிப்பாகவும் இருக்கும் இடங்களுக்கு இந்த மாதமே பெயின்ற் அடிக்கலாம். செப்டெம்பர் முடிவதற்குள் முடித்துவிடுங்கள். ஒக்டோபரில் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும். நவம்பரிலிருந்து வெளிவேலையை நினைக்கவே வேண்டாம். உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்புத் தூள் போல ஒட்டினால், வெயில் அந்தப் பெயின்றின் பிசினைத் தின்றுவிட்டது என்று பொருள். அந்தத் தூளின் மேல் அடிக்கும் எதுவும் சுவரைப் பிடிக்காது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஊடுருவி இறுகும் வகைப் பிறைமர் (அடிப்பூச்சு) ஒரு தடவை அடித்தபின்பே மேற்பூச்சுக்குப் போக வேண்டும்.

கழுவும் தண்ணீரைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வளவுக் கிணற்றில் பம்ப் போட்டுச் சுவரைக் கழுவுவது இங்கே வழக்கம். கிணறு உவராக இருந்தால், நீக்க வேண்டிய உப்பை நாமே சுவரில் தெளிக்கிறோம். குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துங்கள். கழுவிய சுவர் காய்ந்து, பிறைமர் அடித்து, ஏதோ காரணத்தால் வேலை நாலைந்து நாட்கள் நின்றுபோனால், அதற்குள் கடற்காற்று பிறைமரின் மேலும் உப்பைப் படியவைத்துவிடும். மீண்டும் தொடங்கும் முன் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கடல் பக்கச் சுவரைத் துடைத்து, காயவிட்டு அடிக்க வேண்டும். இதைச் செய்யும் வேலைகாரரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். செய்த இடங்களில் கொப்புளம் குறைவாக இருப்பதையும் கண்டிருக்கிறேன்.

நாளின் எந்த நேரத்தில் அடிப்பது என்பதும் இங்கே எளிதான கேள்வியல்ல. வெயில் படும் சுவரில் அடிக்கக்கூடாது என்பது பொதுவிதி. சுவரின் வெப்பம் 35 பாகைக்கு மேல் போனால் தண்ணீர் அவசரமாக ஆவியாகி, துகள்கள் ஒட்டும் முன்பே படலம் வறண்டு, றோலர் ஓடிய தடம் தடமாகத் தெரியும். அந்த விதிப்படி கிழக்குச் சுவரைப் பிற்பகலில் அடிக்க வேண்டும். ஆனால் பிற்பகலில்தான் கடற்காற்று எழுந்து உப்பையும் ஈரத்தையும் கொண்டுவருகிறது. என் வழக்கம் என்னவென்றால், வெயில் சாயத் தொடங்கியதும் சுவரைத் துடைத்துவிட்டு உடனே தொடங்கி, மாலை நான்கு மணிக்குள் முடிப்பது. கச்சான் வீசும் நாள் கிடைத்தால் அதைக் கிழக்குச் சுவருக்கே ஒதுக்குவேன். காற்று மேற்கிலிருந்து வருவதால் கடலின் உப்பு அன்று சுவரை அணுகாது. அதே நாளில் மேற்குச் சுவரை அடிக்கவே கூடாது. விடியற்காலையில் எந்தச் சுவரையும் தொட வேண்டாம். சுவரின் வெப்பநிலை பனிபடுநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) 3 பாகையாவது கூடுதலாகவும், காற்றின் ஈரப்பதன் 85 வீதத்துக்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் எல்லோரும் ஏற்கும் அளவு. கருவி இல்லாவிட்டால், காலையில் யன்னல் கிறிலைத் தொட்டுப் பாருங்கள். இரும்பில் பனி ஈரம் இருக்கும் வரை சுவரும் தயாரில்லை.

பெயின்றை எவ்வளவு தண்ணீர் சேர்த்து அடிக்கிறார்கள் என்பதை அருகில் நின்று கவனியுங்கள். ஒரு லீற்றர் பெயின்றைப் 10 சதுர மீற்றரில், அதாவது ஏறத்தாழ 108 சதுர அடியில் பரப்பினால், ஈரமாக இருக்கும்போது அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. தண்ணீர் போனபின் எஞ்சுவது அதில் 35 முதல் 40 வீதம்தான். இரண்டு தடவை அடித்தாலும் சுவரைக் காப்பது ஒரு மில்லிமீற்றரில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவான படலம். அதில் வாளியில் குறித்த அளவுக்கு மேல் தண்ணீர் சேர்த்து நீட்டினால் என்ன மிஞ்சும்? தங்கள் வீட்டின் சுற்றளவு 140 அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,400 சதுர அடி. கதவு யன்னலுக்கு 200 கழித்து, சுண்ணாம்பு அடிக்கும் அடிப்பகுதிக்கு இன்னொரு 400 கழித்தால் 800. இரண்டு தடவைக்கு 1,600 சதுர அடி. லீற்றருக்கு 100 சதுர அடி என்று கணக்கிட்டால் 16 லீற்றர். சொரசொரப்பான பூச்சுக்காக 20 லீற்றர் என்று கொள்ளலாம். அதே அளவு சுவருக்கு 12 லீற்றர் போதும் என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, இரும்பு ஒட்சைட்டால் ஆன காவி, மண்மஞ்சள், செம்மண் நிறங்களும் வெள்ளை சார்ந்த நிறங்களும் நமது வெயிலுக்கு நிலைத்து நிற்கும். பளிச்சென்ற சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் விரைவில் வெளிறும்.

மருமகன் சொன்ன பூச்சை முற்றாக ஒதுக்கவும் சொல்லமாட்டேன். மேற்தளச் சுற்றுமதிலின் உச்சி, முக்கோணச் சுவரின் மேற்பகுதி போன்ற இடங்களில் மயிரிழை வெடிப்புகள் இருந்து, பிளாஸ்ரிக் தாள் சோதனையில் உலர்வாகத் தெரிந்தால், அங்கே அது மிகவும் பொருத்தமானது. அங்கு தண்ணீர் மேலிருந்து மட்டுமே வருகிறது. மதிலின் உச்சியையும் இரு பக்கத்தையும் சேர்த்து மூட வேண்டும். உச்சியைத் திறந்து விட்டுப் பக்கத்தை மட்டும் அடிப்பதால் பயனில்லை. யன்னல் நிலையும் சுவரும் சேரும் இடைவெளிகளை அடைக்க, பெயின்ற் ஏற்கும் அக்ரிலிக் வகை அடைப்பானைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண சிலிக்கனின் மேல் பெயின்ற் பிடிக்காது.

யன்னலுக்கு மேலோ தூண் ஓரத்திலோ நேர்கோடாக வெடிப்பு விழுந்து பழுப்பு நிறம் கசிந்திருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து கொங்கிறீற்றைப் பிளக்கிறது என்று பொருள். அதை வெடிப்பு நிரப்பும் பசை போட்டு மூடி அடிப்பது ஆபத்தை மறைப்பதாகும். நல்ல மேசனையோ பொறியியலாளரையோ அழைத்துக் காட்டுங்கள். யன்னல் கிறில்களின் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, காய்ந்தவுடன், அன்றைக்கே துருத்தடுப்புப் பிறைமர் அடித்துவிட வேண்டும். ஓர் இரவு விட்டாலும் துரு மீண்டும் பூக்கும். கதவு யன்னல்களில் பழைய எனாமல் பெயின்ற் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்க விடாதீர்கள். இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. தங்கள் கதவுகள் அதற்கு முந்தியவை. நனைத்துத் தேய்த்து, தூளைத் துடைத்தெடுத்து, வேலை முடியும் வரை பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதிருங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அதைச் சுரண்டவோ விசைக்குழாயால் கழுவவோ கூடாது.

ஒப்பந்தகாரரோடு பேசும்போது மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளாமல், கழுவுதலும் சுரண்டுதலும், பிறைமர், முதற்பூச்சு, இரண்டாம் பூச்சு என்று வேலையைப் பிரித்து எழுதி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தாங்கள் பார்த்த பின்பே பணம் கொடுப்பதாகப் பேசுங்கள். பெயின்றைத் தாங்களே வாங்குங்கள். எல்லா வாளிகளிலும் ஒரே தொகுதி இலக்கம் உள்ளதா என்று பார்த்து, ரசீதையும் ஒரு வாளி மூடியையும் எடுத்து வையுங்கள். வாளியில் எழுதியிருக்கும் பல ஆண்டு உத்தரவாதம் ஈரமான சுவருக்கும் தயாரிக்கப்படாத சுவருக்கும் பொருந்தாது என்று சிறிய எழுத்தில் இருக்கும்; அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சுரண்டும் வேலைக்குத் தனியாக நாட்கூலி கேட்பாரானால் தயங்காமல் கொடுங்கள். கூலி தனியாகக் கிடைக்காதபோது முதலில் கைவிடப்படுவது அந்த வேலைதான்.

பங்குனியில் அடிப்பகுதியைக் கொத்தும் முன்னர், ஈரக்கோடு இப்போது இருக்கும் உயரத்திலிருந்து இறங்கியிருக்கிறதா என்று அதே மூன்று இடங்களில் மீண்டும் சோதியுங்கள். மண்ணை விலக்கியதும் பீலியைத் திருத்தியதும் வேலை செய்திருந்தால் கோடு இறங்கியிருக்கும். கொத்த வேண்டிய உயரமும் செலவும் குறையும். இறங்காவிட்டால் ஈரம் வேறு எங்கிருந்தோ வருகிறது. அப்போது கொத்துவதை நிறுத்திவைத்து, சுவர் உட்புறத்தின் படங்களோடும் குளியலறை, தண்ணீர்த் தாங்கி இருக்கும் இடங்களின் குறிப்போடும் எனக்கு மீண்டும் எழுதுங்கள்.